பாரிமுனை மரபு நடை: ஒரு குடும்பப் பெயரைத் தேடி

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையும் ராஜாஜி சாலையும் கூடும் இடத்தில் ஞாயிறு காலையில் நடத்தப்படும் மரபு நடையில், அதாவது வழிகாட்டியோடு பழைய இடங்களை நடந்தே பார்க்கும் உலாவில், அண்மையில் கலந்துகொண்டேன். பேருந்து நடத்துநர்கள் 'பாரிஸ்' என்று கூவும் அந்த முனைக்குப் பிரான்சின் தலைநகரோடோ, முல்லைக்குத் தேர் ஈந்த பாரியோடோ தொடர்பு எதுவும் இல்லை என்பதில் தொடங்கி, அப்பெயரின் வேர் வரை பொறுமையாக அழைத்துச் சென்றதே இந்த நடையின் பெருஞ்சிறப்பு.

பெயருக்குரியவர் 1788-இல் சென்னைக்கு வந்து வணிகத்தில் இறங்கிய தாமஸ் பாரி. அவர் வேல்ஸ் நாட்டவர். வேல்ஸ் மொழியில் 'அப்' என்றால் மகன். 'அப் ஹாரி', அதாவது ஹாரியின் மகன் என்பதே ஒட்டி உச்சரிக்கப்பட்டுப் 'பாரி' ஆயிற்று. 'அப் ரீஸ்' பிரைஸ் ஆனதும், 'அப் ஹவெல்' பவெல் ஆனதும் இதே வழியில்தான். தந்தை பெயரை முதலெழுத்தாகச் சுமக்கும் நமக்கு இது எளிதில் விளங்குகிறது. ஆனால் நம் முதலெழுத்து தலைமுறைதோறும் மாறும்; வேல்ஸிலோ, ஆங்கிலச் சட்டத்தின் கீழ் வந்த பிறகு, 16-ஆம் நூற்றாண்டு முதல் அது மெல்ல மெல்ல மாறாத குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. வழிகாட்டி இந்த வேறுபாட்டை நல்ல தமிழில், அவசரமின்றி விளக்கினார். யாரோ ஒரு ஹாரியின் பெயர் இப்படித்தான் வங்கக் கடலோரத்தில் ஊன்றி நிற்கிறது என்று உணர்ந்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

பாரியின் நிறுவனம் 1803-இல் இந்த முனைக்கு வந்தது. இன்று அங்கே நிற்கும் கட்டடம் 1940-இல் எழுந்தது. அதன் பெயரான 'டேர் ஹவுஸ்' கூட, பாரியின் கூட்டாளியான ஜான் வில்லியம் டேரின் குடும்பப் பெயரே. ஆங்கிலேயர் 'கறுப்பர் நகரம்' என்று அழைத்த, இந்தியர் வாழ்ந்த பகுதியின் எல்லையைக் காட்ட 1773-இல் நடப்பட்ட தூண்களுள் எஞ்சிய ஒன்றைப் பற்றியும் விரிவாகச் சொன்னார்கள். பாரி 1824-இல் பரங்கிப்பேட்டையில் இறந்த செய்தி ஒரு வரியில் முடிந்துவிட்டது.

எனக்கு ஒரு பெருங்குறை உண்டு. சில அடி தொலைவில் தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் இருக்கின்றன. இவையும் வணிகர்களின் பெயர்களே. வேல்ஸ்காரர் ஒருவரின் தந்தைவழிப் பெயரை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள், அந்த இருவரையும் வெறும் தெருப் பலகைகளாகக் கடந்து சென்றது நியாயமில்லை. பெயர் சொல்லி அழைப்பதற்கு அவர்களுக்கும் அதே உரிமை உண்டல்லவா?

கட்டணத்துக்கு இந்த நடை தகுதியானதே. எனினும் ஞாயிறன்று கடைகள் பலவும் அடைத்திருப்பதால், அந்த வணிக வீதிகளின் உயிரோட்டத்தைக் காண முடியவில்லை. வேலை நாள் ஒன்றின் காலையிலும் இதை நடத்தினால் நான் மீண்டும் வருவேன்.