பள்ளிக் குழுச் செயல்திட்டத்துக்கு எந்தக் கவண்பொறி?

மாணவர்கள் குழுவாகச் செய்யும் கவண்பொறிகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்: ரப்பர் பேண்டின் இழுவிசையில் இயங்குவது, முறுக்கிய கயிற்றின் விசையில் இயங்குவது, கீழே விழும் எடையால் இயங்குவது. மூன்றுமே எறியும் என்றாலும், நான்கைந்து பேர் சேர்ந்து கற்றுக்கொள்வதற்கு மூன்றும் ஒரே அளவில் இடம் தருவதில்லை.

ஐஸ்குச்சிகளையும் ரப்பர் பேண்டுகளையும் கொண்ட சிறு பொறியை ஒரே பாடவேளையில் கட்டி முடிக்கலாம். கீழ்வகுப்புகளுக்கு அது போதும். ஆனால் ஒருவர் கட்ட, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஆகிவிடுகிறது. இழுக்க இழுக்க ரப்பர் தளர்வதால் அளவீடுகளும் ஒத்துவருவதில்லை.

முறுக்குக் கயிற்றுப் பொறி, ரோமானியரின் ஓனகர் என்ற கல்லெறியும் போர்ப்பொறியின் வழிவந்தது. அவர்கள் விலங்குகளின் தசைநாரையும் மயிரையும் முறுக்கினார்கள். பள்ளியில் நைலான் கயிறு போதும். கரம் ஒவ்வொரு முறையும் குறுக்குச் சட்டத்தில் மோதுவதால் ஆணியடித்த மூட்டுகள் விரைவில் ஆடத் தொடங்கும். முறுக்கில் எவ்வளவு ஆற்றல் சேர்ந்திருக்கிறது என்பதை மாணவர்களால் எளிதில் கணக்கிட முடியாது என்பது அதைவிடப் பெரிய குறை.

எடைக் கவண், அதாவது ட்ரெபுஷே, இங்கேதான் முந்துகிறது. கரத்தின் குட்டைப் பக்கத்தில் தொங்கும் எடை கீழே விழ, நெட்டைப் பக்கம் மேலெழுந்து, நுனிக் கொக்கியில் மாட்டிய கயிற்றால் உருண்டையைச் சுழற்றும்; கயிறு கொக்கியிலிருந்து விடுபடும்போது உருண்டை பறக்கும். 1304-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டை முற்றுகைக்காக இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு கட்டுவித்த ‘வார்வுல்ஃப்’ இவ்வகையைச் சேர்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டில் ஏறத்தாழ 1 கிலோ இருக்கும். அது 20 செ.மீ. இறங்கினால் சுமார் 2 ஜூல் ஆற்றல் கிடைக்கும். அது முழுவதும் 25 கிராம் களிமண் உருண்டையைச் சேர்ந்து, உருண்டை 45 டிகிரி கோணத்தில் கிளம்பினால், காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாதபோது அது சுமார் 16 மீட்டர் செல்ல வேண்டும். உண்மையில் அத்தனை தூரம் செல்லாது. மீதி ஆற்றல் அச்சின் உராய்வில் போனதா, கரத்தின் சொந்த எடையை அசைப்பதில் போனதா, கயிறு விடுபட்ட கோணம்தான் பிழையா என்று தேடுவதே இச்செயல்திட்டத்தின் உயிர். சட்டம், கரம், கயிறும் கொக்கியும், அளவீடு என வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொருவரின் பங்கும் முடிவில் தெரியும்.

இரண்டு பாடவேளைதான் கிடைக்கும் என்றால் ரப்பர் பொறியே பொருத்தம். இரண்டு மூன்று வாரம் கிடைக்குமானால், எட்டாம் வகுப்புக்கு மேல் எடைக் கவணையே பரிந்துரைப்பேன். கரத்தின் குட்டைப் பக்கத்துக்கும் நெட்டைப் பக்கத்துக்கும் 1:4 என்ற விகிதத்தில் தொடங்கலாம். கொக்கியின் வளைவு பிசகினால் உருண்டை பின்புறமாகவும் பாயும் என்பதால், எறியும்போது அனைவரும் பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும்.