செந்நரிக் கட்டுப்பாட்டுக்கு எந்தக் காலிபர்? .223 ரெமிங்டன் பற்றிய ஒரு மதிப்பீடு

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் செம்மறிப் பண்ணைகள் பலவற்றில் குளிர்காலமே குட்டி ஈனும் காலம். செந்நரி இணை சேர்வதும் அதே குளிர்காலத்தில்தான். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அதன் குட்டிகள் பிறந்துவிட்டால், பால் கொடுக்கும் பெண் நரிக்கு இரை இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக விக்டோரியாவில் கொண்டுவந்து விடப்பட்ட இந்த விலங்கு, வெப்பமண்டல வடபகுதி நீங்கலாகக் கண்டத்தின் பெரும்பகுதிக்கும் பரவி, ஆட்டுக்குட்டிகளோடு நிற்காமல், தரையில் வாழும் சிறிய பாலூட்டிகளையும் பறவைகளையும் பல இடங்களில் அழிவின் விளிம்புக்குத் தள்ளியிருக்கிறது. இதைக் கட்டுப்படுத்துவதில் 1080 என்ற நச்சு இரைக்கே முதன்மையான பங்கு உண்டு. துப்பாக்கி அதற்குத் துணை. ஆனால் வீடுகளுக்கு அருகிலும், பண்ணை நாய்கள் திரியும் இடங்களிலும், நச்சு இரையைத் தொட மறுக்கும் நரிகளிடத்திலும் அந்தத் துணை இல்லாமல் வேலை நடப்பதில்லை. அங்கேதான் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டாவுக்கான துப்பாக்கி என்பது, பற்றிய கேள்வி எழுகிறது.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு சென்டர்ஃபயர் ரைஃபிளை (தோட்டாவின் அடிப்பகுதி நடுவில் அடித்துப் பற்றவைக்கும் வகை) வைத்துக்கொண்டு நரி வேலையைச் செய்ய நினைப்பவருக்கு .223 ரெமிங்டனே சரியான தேர்வு. அதைவிட வேகமான தோட்டாக்களும் கனமான தோட்டாக்களும் இருக்கின்றன. அவற்றின் சிறப்பையும் மறுக்கவில்லை. ஆனால் விற்பனைப் பட்டியலில் அச்சிட்டிருக்கும் வேகத்தைப் பார்த்துக் காலிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள், தாம் உண்மையில் எந்தத் தூரத்தில் சுடப்போகிறோம், குண்டு நரியைக் கடந்தால் எங்கே போய் விழும், குறி சற்று விலகினாலும் அந்த விலங்கு வதைபடாமல் சாகுமா என்ற மூன்றையும் யோசிப்பதில்லை என்பதே என் கவலை.

நரியின் உருவம் நம்மை ஏமாற்றும். குளிர்கால ரோமமும் நீண்ட வாலும் சேர்ந்து அதைப் பெரிய விலங்காகக் காட்டுகின்றன. எடையோ பெரும்பாலும் 4 முதல் 8 கிலோவுக்குள்தான். இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி உரித்த தேங்காய் அளவுக்கு மேல் இராது. அந்த 10 செ.மீ. வட்டத்துக்குள் குண்டை வைப்பதுதான் வேலை. ஸ்பாட்லைட் வெளிச்சத்தில் யூட் வண்டியின் பின்தட்டிலிருந்து சுடுபவருக்கும், வேலியோரம் அமர்ந்து விசில் ஊதி வரவழைப்பவருக்கும் கிடைக்கும் வாய்ப்புகள், என் அனுபவத்தில், பெரும்பாலும் 150 மீட்டருக்குள் அமைகின்றன. 200 மீட்டரைத் தாண்டிய வாய்ப்புகளும் வரும். அவற்றில் பலவற்றை விட்டுவிடுவதே முறை.

தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்துப் பற்றவைக்கும் ரிம்ஃபயர் வகையில் .22 லாங் ரைஃபிள் முயலுக்கு உரியது, நரிக்குப் போதாது. 2002இல் வந்த .17 எச்எம்ஆர் சற்று வேறு கதை. 17 கிரெயின் (சுமார் 1.1 கிராம்) எடையுள்ள அதன் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 777 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது, துல்லியத்தில் குறை சொல்ல முடியாது, சத்தமும் குறைவு. கோழிக்கொட்டகையைச் சுற்றி 70, 80 மீட்டருக்குள் அசையாமல் நிற்கும் நரிக்கு, கை உறுதியானவரிடத்தில் அது போதும். அதற்கு அப்பால் அதன் பலவீனம் வெளிப்படும். மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 100 மீட்டர் தூரத்திலேயே அந்தக் குண்டைச் சுமார் 10 செ.மீ. ஒதுக்கிவிடும். நெஞ்சைக் குறிவைத்தவருக்கு வயிற்றில் படும். வயிற்றில் பட்ட நரி புதருக்குள் ஓடி மறைந்து மணிக்கணக்கில் துடித்துச் சாகும். விவசாயத்துக்கு எவ்வளவு கேடு செய்தாலும் எந்த விலங்குக்கும் அந்தச் சாவு நேரக் கூடாது. உரிமத்தில் ரிம்ஃபயருக்கான ஏ வகை மட்டும் வைத்திருப்பவர்கள் இதை நரிக்கான துப்பாக்கியாகவே வாங்கிவிடுகிறார்கள். பி வகைக்கும் சேர்த்து விண்ணப்பித்து, சென்டர்ஃபயர் வாங்கும் வரை பொறுத்திருப்பது நல்லது.

.22 ஹார்னெட் பழையது, மென்மையானது, 150 மீட்டருக்குள் நம்பத்தக்கது. ஆனால் தோட்டா எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை.

இனி .223க்கு வருவோம். 1964இல் வணிகச் சந்தைக்கு வந்த இந்தத் தோட்டா, 55 கிரெயின் குண்டை நொடிக்குச் சுமார் 988 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. முன் சொன்ன அதே காற்றில் 150 மீட்டரில் அது ஒதுங்குவது ஏறத்தாழ 7 செ.மீ.; 200 மீட்டரில் 13 செ.மீ. 180 மீட்டருக்குப் பூஜ்யம் வைத்துக்கொண்டால், அதாவது அந்தத் தூரத்தில் குண்டு குறியிலேயே படும்படி ஸ்கோப் எனும் குறிநோக்கியைச் சரிசெய்துகொண்டால், பாதித் தூரத்தில் குண்டு குறிக்கு மேலே நாலு செ.மீ.க்கும் குறைவாகவே செல்லும். ஆகவே வேலைசெய்யும் தூரம் முழுவதிலும், உயரத்துக்காக எந்தத் திருத்தமும் செய்யாமல் நெஞ்சின் நடுவிலேயே குறி வைக்கலாம். இருட்டில், தூரத்தை அளக்க அவகாசம் இல்லாத நேரத்தில், இது பெரிய நிம்மதி.

அதைவிட நான் உயர்வாக மதிப்பது அதன் உதைப்பு மிகக் குறைவாக இருப்பதை. விசையை அழுத்திய பிறகும் ஸ்கோப்பின் வட்டத்துக்குள் நரி அப்படியே தெரிந்துகொண்டிருக்கும். குண்டு பட்ட இடமும் தெரியும். நரி விழுந்த விதமும் தெரியும். இரண்டாவது குண்டு தேவையா என்பதை அந்த நொடியிலேயே முடிவு செய்யலாம். உதைப்பு மிகுந்த துப்பாக்கியில் ஸ்கோப் மேலே எழும்பி இறங்குவதற்குள் நரி புல்லுக்குள் விழுந்ததா, ஓடியதா என்றே தெரியாது. காயம்பட்ட விலங்கைத் தேடி அலையும் இரவுகளைக் குறைப்பதற்கு இந்த ஒரு குணம் பெரிதும் உதவுகிறது.

.22-250 ரெமிங்டனைப் பலரும் நரிக்கான அரசன் என்பார்கள். அதே 55 கிரெயின் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 1,120 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது என்பது உண்மைதான். ஆனால் 200 மீட்டருக்குள் அதனால் கிடைக்கும் ஆதாயத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: அதே குறுக்குக் காற்றில் .223ஐவிட அது குறைவாக ஒதுங்குவது 2 செ.மீ. அளவுக்குத்தான். அதற்காகக் கணிசமாகக் கூடுதல் வெடிமருந்தை எரிக்கிறோம், தோட்டா அறையை ஒட்டிய குழலின் தொண்டைப் பகுதி விரைவில் தேய்கிறது, சத்தமும் கூடுகிறது. பிரிட்டனில் இருப்பதுபோல் ஒலிக்குறைப்பான் பொருத்திச் சுடும் வசதி ஆஸ்திரேலியாவில் பொதுவாக அனுமதிக்கப்படாததால், இங்கே சத்தம் சிறிய விஷயம் அல்ல. பரந்த சமவெளிப் பண்ணைகளில் 250, 300 மீட்டர் தூரத்துக்குப் பழகியவர்களுக்கு .22-250 தகும், மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

2004இல் வந்த .204 ரூகர் எனக்கு உண்மையிலேயே பிடித்த தோட்டா. அதன் 32 கிரெயின் குண்டு நொடிக்கு 1,280 மீட்டரைத் தாண்டும் வேகத்தில் கிளம்புகிறது, உதைப்பு .223ஐவிடவும் குறைவு. ஆனால் அவ்வளவு மெல்லிய குண்டு வழியில் ஒரு புல் தண்டில் பட்டாலே சிதறிவிடக்கூடும். உடல் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் ஸ்கோப் பரவலாகிவிட்ட இன்றைய நிலையில் இது முன்பைவிடக் கவனிக்க வேண்டியதாகிவிட்டது. ஏனெனில் தெர்மல் திரையில் நரியின் உடல் வெள்ளையாக ஒளிரும். அதற்கு முன்னால் நிற்கும் காய்ந்த புல்லும் வேலிக் கம்பியும் பல நேரங்களில் கண்ணுக்கே படாது. .243 வின்செஸ்டர் மானுக்கும் பன்றிக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி வேண்டும் என்பவருக்கானது. நரிக்கு மட்டும் என்றால் தேவைக்கு மிஞ்சியது.

காலிபரைவிடக் குண்டின் வகையே முக்கியம் என்று சொல்லத் தயங்கமாட்டேன். நரிக்கு உரியது முனையில் பாலிமர் கூம்பு வைத்த, மெல்லிய உறையுள்ள குண்டு. உடலில் பட்டதும் அந்தக் கூம்பு பின்னோக்கி அழுந்தி உறையைப் பிளக்கும். ஈயம் சில அங்குலத்துக்குள் துணுக்குகளாகச் சிதறி, தன் ஆற்றல் முழுவதையும் அங்கேயே செலவழித்துவிடும். தரையில் பட்டாலும் பெரும்பாலும் உடைந்துபோவதால், எகிறிப் பாயும் அபாயம் குறைகிறது, அறவே நீங்கிவிடுவதில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று முழு உலோக உறையுள்ள இராணுவப் பாணித் தோட்டாவை வாங்கக் கூடாது. அது நரியின் உடலில் சிறு துளை போட்டுக்கொண்டு ஊடுருவிச் சென்றுவிடும். நரி ஓடிப் போய் எங்கோ சாகும். குண்டோ பக்கத்துப் பண்ணை வரை பயணிக்கும். 5.56 என்று குறிக்கப்பட்ட இராணுவத் தோட்டாக்களை .223 துப்பாக்கியின் தோட்டா அறையில் இடுவதும் சரியல்ல. அழுத்தம் அளவு மீறலாம்.

எந்தக் காலிபரானாலும் நரிக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். மேட்டு விளிம்பில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் நரியைச் சுடவே கூடாது. ஸ்பாட்லைட்டில் இரு கண்கள் மினுங்கினால் அது ஆடாகவும் நாயாகவும் இருக்கலாம். உடல் முழுவதும் தெரிந்து, இது நரிதான் என்று உறுதியாகும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

ரைஃபிளைப் பொறுத்தவரை, நான் பயன்படுத்துவது பின்லாந்தின் சாகோ நிறுவனம் தயாரிக்கும் டிக்கா டி3எக்ஸ். தோட்டாவை அறைக்குள் தள்ளும் போல்ட் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிச் செல்கிறது. விசை தெளிவாக, இழுபறி இல்லாமல் விடுகிறது. கடைத் தோட்டாவிலேயே 100 மீட்டரில் மூன்று குண்டுகளை 3 செ.மீ. வட்டத்துக்குள் வைக்கிறது. எல்லாக் காலிபர்களுக்கும், தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் இயங்குபகுதியாகிய, ஒரே நீளமுள்ள ஆக்‌ஷனைப் பயன்படுத்துவதால் .223க்கு அது தேவைக்கு மேல் நீளம் என்பது இதன் குறை. அந்த நீளம் பிடிக்காதவர்கள் ஜப்பானின் ஹோவா மினி ஆக்‌ஷனைப் பார்க்கலாம். சிறிய தோட்டாக்களுக்கென்றே குறுக்கப்பட்ட உடல் அது, வண்டிக்குள்ளும் கையடக்கமாக இருக்கும்.

வாங்கும்போது குழலின் முறுக்கு விகிதத்தை, அதாவது உட்புறப் பள்ளங்கள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகின்றன என்பதை, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற பழைய முறுக்கு 55 கிரெயின் வரையான குண்டுகளுக்குப் போதும். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 70 கிரெயினைத் தாண்டிய குண்டுகளையும், ஈயம் இல்லாத நீண்ட செப்புக் குண்டுகளையும் நிலைப்படுத்தும். ஈயமற்ற தோட்டாவுக்கு மாறும் எண்ணம் உள்ளவர்கள் இதையே வாங்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று நிறுவனங்களின் 50 முதல் 55 கிரெயின் பாலிமர் முனைத் தோட்டாக்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, பகல் வெளிச்சத்தில் தாளில் சுட்டுப் பாருங்கள். ஒரே மாதிரியான இரு ரைஃபிள்கள்கூட வெவ்வேறு தோட்டாவை விரும்புவதுண்டு. நெருக்கமாகக் குழு சேர்க்கும் தோட்டா எதுவென்று தெரிந்ததும், பெட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, குட்டி ஈனும் காலம் முழுவதற்கும் போதுமான அளவை அதே தொகுதியிலிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். தொகுதி மாறினால் குண்டு படும் இடமும் சற்று மாறக்கூடும் என்பதால், புதிய தொகுதியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தை மறுபடி சரிபார்த்த பின்னரே இரவு வேலைக்குக் கிளம்ப வேண்டும்.