கடைத்தெரு வயரா, தங்க முலாம் கேபிளா?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் ஆம்ப்ளிஃபயர் முகப்பில் இருக்கும், ஸ்பீக்கர் இரண்டாம் கட்டில் இருக்கும். வளவை (நடு முற்றப் பகுதியை)ச் சுற்றி வயர் இழுத்தால் 20 மீட்டர் சர்வசாதாரணம். அதனால் ‘ஸ்பீக்கர் வயர் மாற்றினால் காதுக்குத் தெரியுமா?’ என்பதற்குச் சென்னை ஃபிளாட்டில் ஒரு பதில், காரைக்குடியில் வேறு பதில்.

போட்டியில் மூன்று பேர்: எலக்ட்ரிக்கல் கடையில் எடுத்துக் கொடுக்கும் மெல்லிய 14/76, அதே கடையின் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், பின்னல் உறையும் தங்க முலாம் முனையுமாக வரும் விலை உயர்ந்த கேபிள்.

14/76 என்பது 14 இழை, மொத்தம் சுமார் 0.4 சதுர மி.மீ. போக வர 40 மீட்டருக்கு அதன் மின்தடை 1.7 ஓம் வரை வரும். ஸ்பீக்கரில் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு சுருதியில் 5 ஓமுக்கு இறங்கும், இன்னொன்றில் 30 வரை ஏறும். இறங்கும் இடத்தில் 2.5 டெசிபல் (ஒலி அளவின் அலகு) போய்விடும், ஏறும் இடத்தில் அரை டெசிபல்தான் போகும். இந்தக் கோணல் கேட்கும், சந்தேகமே வேண்டாம். 2.5 சதுர மி.மீ. வயரில் அதே தூரத்துக்குக் கோணல் அரை டெசிபலுக்குள் அடங்கிவிடும். மூன்றே மீட்டர் என்றால் மெல்லிசுகூடப் பரவாயில்லை.

கடையில் 2.5 ஒற்றை வயராகத்தான் கிடைக்கும். சிவப்பும் கறுப்பும் வாங்கி ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். ஆளுக்கொரு சுவரோரமாகப் போனால் இண்டக்டன்ஸ் (மாறும் மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை) கூடி மேல் சுருதி மங்கும்.

சரி, மூன்றாவது ஆள்? ஆக்சிஜன் நீக்கிய செம்பு சாதாரணச் செம்பைவிட ஒரு சதவீதம் கூடுதலாகக் கடத்தினால் பெரிது. அதே கனம், அதே நீளம் என்றால் 2.5-க்கும் அதற்கும் வித்தியாசம் கேட்பதாக நான் நம்பவில்லை. ‘எனக்குக் கேட்கிறதே’ என்பவர்கள் பொய் சொல்வதில்லை. என்ன மாட்டியிருக்கிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியும், அவ்வளவுதான். சத்தம் இம்மி கூடினாலும் ‘தெளிவாக இருக்கிறது’ என்றுதான் நமக்குத் தோன்றும். எனவே சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் திரைக்குப் பின்னால் ஒருவர் காசு சுண்டி வயரை மாற்றட்டும். அவர் வாயே திறக்கக் கூடாது. எந்த வயர் என்று பத்து முறையில் ஐந்தாறு சரியாகச் சொல்வது வெறும் குருட்டாம்போக்கு. ஒன்பது சரியென்றால் யோசிக்கலாம். குத்துமதிப்பில் அது வர நூற்றில் ஒரு வாய்ப்புதான்.

ஆத்தங்குடித் தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், எதிரொலிக்கும் பட்டாலை (கூடம்): இவை செய்யும் மாற்றத்தின் பக்கத்தில் எந்தக் கேபிளும் நிற்காது. கேபிள் காசில் கனமான ஜமக்காளமும் திரைச்சீலையும் வாங்கலாம்.

வயர் வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. அதுதான் கிடைக்கிறதென்றால் 2.5-க்குப் பதில் 4 சதுர மி.மீ. கேளுங்கள்.