ராத் கணக்கிலிருந்து 14,000 டாலரை எடுக்கச் சொன்னார், எடுத்தோம்

நியூஜெர்சியில் எங்களுக்கு வரிக்கணக்கு போடுபவர் நம்ம ஊர்க்காரர். தமிழில் பேசுகிறாரே என்றுதான் போனோம்.

2024 ஜனவரியில் நானும் கணவரும் ஆளுக்கு 7,000 டாலர் ராத் ஐ.ஆர்.ஏ.வில் (வரி கட்டிய பணத்தைப் போடும் ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கு) போட்டிருந்தோம். டிசம்பரில், என் பழைய 401(கே) பணம், அதாவது வேலையிடத்து ஓய்வுக்காலச் சேமிப்பு, இன்னும் வரி கட்டாத ட்ரெடிஷனல் ஐ.ஆர்.ஏ.வில் கிடந்ததே, அதில் 40,000 டாலரை ராத்துக்கு மாற்றினேன் (இதைத்தான் கன்வர்ஷன் என்பார்கள்). அதற்கு வரி கட்ட வேண்டும் என்று தெரிந்தேதான் செய்தேன்.

மார்ச்சில் அவர் வருமான வரிக்கான 1040 படிவத்தின் 11ஆம் வரியில், எங்கள் சரிக்கட்டிய மொத்த வருமானத்தில், பேனாவை வைத்தார். 2,48,000. "2024க்கு, புருஷன் பொண்டாட்டி ஜாயின்ட்டா ஃபைல் பண்ணா, ராத்துல போடக்கூடிய தொகை 2,30,000ல குறைய ஆரம்பிச்சு 2,40,000ல நின்னுடும். தாண்டிட்டீங்கம்மா. வெளியே எடுக்கலைன்னா வருஷா வருஷம் 6 சதவீதம் அபராதம்." கன்வர்ஷனையே ரத்து செய்யலாமா என்று கணவர் கேட்டார். 2018லிருந்து அது முடியாது என்றார். சொன்ன எண் ஒவ்வொன்றும் சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஏப்ரல் முதல் வாரத்தில் 14,000 டாலரையும் அது ஈட்டிய லாபத்தையும் எடுத்தோம். லாபத்துக்கு வரி. இந்த வேலைக்கென்று அவருக்குத் தனியாக 250 டாலர்.

மே மாதம் ஆபீஸில் ஒரு தோழி, "கன்வர்ஷன் தொகையை அந்த லிமிட்டுக்குச் சேர்க்கவே மாட்டாங்களே" என்றாள். அமெரிக்க வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் வழிகாட்டி, பப்ளிகேஷன் 590-ஏ, இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஒர்க்‌ஷீட் 2-1. 2024க்கான தாளில் முதல் வரியில் 1040இன் 11ஆம் வரித் தொகையை எழுதச் சொல்லியிருந்தது, இரண்டாவது வரியில் ராத்துக்கு மாற்றிய வருமானம், மூன்றாவதில் கழித்தல். எங்களுக்கு வந்தது 2,08,000. வரம்புக்குக் கிட்டேகூட இல்லை. அந்த மூன்று வரியை அவர் போட்டே பார்க்கவில்லை. உங்களிடம் யாராவது "தாண்டிட்டீங்க" என்றால், பணத்தைத் தொடும் முன் அந்தத் தாளை நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். (முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டு பிரீமியம், ஒபாமாகேர் மருத்துவக் காப்பீட்டு மானியம் போன்றவற்றுக்குக் கன்வர்ஷன் வருமானமாகத்தான் சேரும். ஒன்றைப் போட்டு இன்னொன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

திருப்பிப் போடலாம் என்றால், 2024க்கான கெடு ஏப்ரல் 15ஓடு முடிந்துவிட்டது. அந்த வருஷத்துக்கு ராத்தில் போடும் வாய்ப்பு இருவருக்கும் போனது போனதுதான்.

போன் செய்தேன். "சேஃப்டிக்குத்தான் அப்படிச் சொன்னேன்மா" என்றார். 250 டாலரைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த வருஷ ஃபீஸில் 50 டாலர் குறைத்துக்கொள்வாராம்.