தக்கலைச் சந்தை வழியில் ஒரு வாழைப்பழக் கடை

பழக்கடையைப் பற்றி எழுதும்போது பழத்தின் தரத்தைச் சொல்லித் தொடங்குவதே முறை. தக்கலையில் சந்தைக்குச் செல்லும் வழியில், பெயர்ப்பலகை ஏதுமின்றி முதிய தம்பதியர் நடத்தும் இந்தச் சிறு கடையில் மட்டி, ஏத்தன் (நேந்திரன்), செந்துளுவன், ரசகதலி, பேயன் ஆகிய வாழைப்பழ வகைகள் குலைகளாகவே தொங்குகின்றன. கேட்கும் அளவுக்குச் சீப்பை அறுத்து எடை போட்டுத் தருகிறார்கள். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மாவட்டத்து மட்டிப் பழம் இங்கே மணம் குன்றாமல் கிடைக்கிறது. அடிபட்ட பழத்தை நல்ல பழத்தோடு சேர்த்து நிறுக்கும் வழக்கம் இங்கில்லை.

ஆனால் வாரந்தோறும் நான் அங்கே செல்வதற்குக் காரணம் வேறு. அறிவுசார் குறைபாடுள்ள வளரிளம் பருவத்து மாணவர்களுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியை நான். வகுப்பறையில் மாதிரி நோட்டுகளை வைத்து 10 ரூபாயையும் 20 ரூபாயையும் பிழையின்றிப் பிரித்துக் காட்டும் பிள்ளை, கடை வாசலில் பேருந்து ஒலிப்பானும் கூட்டமும் சூழ்ந்ததும் கையில் உள்ள நோட்டையே மறந்து நின்றுவிடுவான். கடையில் செய்ய வேண்டியதைக் கடையில்தான் கற்பிக்க முடியும். அதற்கு இடம் தரும் கடைகளோ மிகச் சில.

இந்தக் கடையின் முதல் சிறப்பு, எந்தப் பழமும் இடம் மாறுவதில்லை என்பது. மட்டி எப்போதும் வாசலின் இடப்புறம், ஏத்தன் வலப்புறம், செந்துளுவன் உள்ளே நடுக்கயிற்றில். எழுத்தறியாத பிள்ளைக்கு இந்த ஒழுங்கே வழிகாட்டி. இரண்டாவது சிறப்பு, பெரியவர் பிள்ளையைப் பார்த்தே பேசுகிறார் என்பது. “மக்களே, என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை அறுக்கும் கத்தியைக் கீழே வைத்துக் காத்திருக்கிறார். முன்பு வேறொரு கடையில், என் மாணவன் வாய் திறக்கும் முன்னரே கடைக்காரர் என்னிடம், “டீச்சர், இவனுக்கு என்ன வேணுமாம்?” என்று கேட்டார். அன்று அவன் பேசவே இல்லை.

பழம் வாங்குவதை 9 சிறு செயல்களாகப் பிரித்துக் கடைசிச் செயலிலிருந்து கற்பிப்பது எங்கள் முறை. முதல் சில வாரங்களில் மற்றவற்றையெல்லாம் நான் செய்ய, மீதிச் சில்லறையை வாங்கிப் பையில் இடுவதை மட்டும் பிள்ளை செய்வான். பிறகு பணம் கொடுப்பது, அதன்பின் எடையைக் கேட்பது என்று ஒவ்வொன்றாக முந்தைய செயல்களுக்கு வருவோம். ஒவ்வொரு முறையும் வேலையை முடித்து வைப்பவன் அவனே ஆதலால், அடுத்த வாரமும் வர விரும்புகிறான். பெரியவருக்கு இதை ஒருமுறைதான் விளக்கினேன். அன்று முதல் சில்லறையை மொத்தமாகத் திணிக்காமல், ஒவ்வொரு நாணயமாகப் பிள்ளையின் உள்ளங்கையில் எண்ணி வைக்கிறார். ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்த பின்னும் பல கடைகள் வாங்க மறுக்கும் 10 ரூபாய் நாணயத்தை இவர் மறுப்பதில்லை. எங்களுக்கு இது சிறிய செய்தியன்று. செல்லும் என்று நான் கற்பித்த நாணயத்தை ஒருவர் திருப்பித் தந்தால், தான் தவறிவிட்டதாகவே பிள்ளை எண்ணுவான்.

தொடக்கத்தில் அந்த அம்மா இரக்கத்தால் ஆளுக்கொரு மட்டிப் பழத்தை இலவசமாகத் தந்தார்கள். பணம் தராமலே பழம் கிடைக்குமென்றால் பணத்தைக் கற்பிப்பது கடினம் என்று தயக்கத்தோடு சொன்னேன். மனம் வருந்தாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

ஓணத்துக்கு முந்தைய வாரத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கேரளத்துத் தேவையால் அந்நாட்களில் ஏத்தன் விலை ஏறும். கிலோ 60 ரூபாய் என்று மனத்தில் பதிந்திருந்த ஒரு மாணவன், பலகையில் 80 என்றிருந்ததை ஏற்காமல், 60 ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, “பாட்டா, அறுபது” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். வரிசையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தனர். பெரியவர் பலகையை எடுத்து வந்து அவன் முன் வைத்து, பழைய எண்ணை அழித்த தடத்தையும் புதிய எண்ணையும் விரலால் காட்டினார். நெடுநேரம் அதைப் பார்த்த பின், அவன் அரைக் கிலோ போதும் என்றான். விலை மாறும் என்பதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியும் அவனுக்கு விளங்கியதில்லை.

குறைகளும் உண்டு. வாசற்படி முழங்கால் உயரம். சக்கர நாற்காலியில் வரும் மாணவி தெருவில் நின்றே வாங்க வேண்டியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் அணுகல் வசதிக்குரிய பொதுக் கட்டடங்களாகவே கருதுகிறது. ஒரு சாய்வுப் பலகை போட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். மாலையில் கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்க முடியாத பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். காலை 10 மணி முதல் 12 மணி வரை அமைதியான நேரம். கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதி இருந்தாலும், உடன் செல்லும் பெற்றோர் தாள் பணமும் நாணயமும் கொண்டு செல்லுமாறு வேண்டுகிறேன். திரையைத் தட்டினால் பழம் வருகிறது என்பதைத் தவிர வேறெதையும் பிள்ளை அதில் காண்பதில்லை.

விலைப்பலகையில் எழுத்து மட்டுமே இருப்பது மற்றொரு குறை. படம் வரைந்து தந்தால் ஒட்டிக்கொள்வதாகப் பெரியவர் சொன்னார். மட்டியின் படம் ஏறிவிட்டது. ஏத்தனை இந்த வாரம் வரைந்துகொண்டிருக்கிறோம்.