பழைய போன்களை வைத்து பிரஸ் ரீடிங் எடுத்தது: இரண்டு வருடத்துக்குப் பிறகு

மதுரை பக்கத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் மோல்டிங் யூனிட்டில் குவாலிட்டி பார்க்கிறேன். எங்கள் ஹைட்ராலிக் பிரஸ்களில் பாதி எனக்கே மூத்தவை. நெட்வொர்க் என்ற பேச்சே கிடையாது. பேனலில் ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலர், ஒரு டைமர், பக்கத்தில் முள் வைத்த பிரஷர் கேஜ், அவ்வளவுதான். இதற்கெல்லாம் பிஎல்சி, ஸ்காடா என்று மிஷினைக் கம்ப்யூட்டரில் கண்காணிக்கும் சிஸ்டத்துக்குக் கொட்டேஷன் வாங்கினால் முதலாளி அதை மடித்து டிராயரில் போட்டுவிடுவார். அதே டிராயரில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு போன்களை எடுத்துத்தான் ரீடிங் பதிய ஆரம்பித்தோம். இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, எது நின்றது எது நிற்கவில்லை என்று சொல்கிறேன்.

முதலில் கேமரா, ஏனென்றால் எல்லோரும் அதில்தான் ஆரம்பிப்பார்கள். பேனலுக்கு எதிரே போனை மாட்டி, டிஸ்ப்ளேயைப் படம் எடுத்து, எண்ணை ஆப் படிக்க வேண்டும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் கூகுளின் எம்எல் கிட் போனுக்குள்ளேயே வேலை செய்யும், நெட் தேவையில்லை. ஆனால் அது அச்சு எழுத்துக்குப் பழகியது, ஏழு கோட்டு சிவப்பு எண்களைப் பார்த்தால் திணறும். அதைவிடப் பெரிய தொல்லை, அந்த டிஸ்ப்ளேயில் எண்கள் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக எரிந்து அணைகின்றன, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகமாக இருந்தால் ஒரு எண் பாதி, இன்னொன்று காணவே காணோம். ஷட்டரை 1/30 நொடிக்குக் குறைத்ததும் அது சரியானது. புள்ளியை விட்டுவிட்டு 165.0 டிகிரியை 1650 என்று படித்தால்கூடப் பரவாயில்லை, 140-க்கும் 190-க்கும் இடையில் இல்லாததைத் தள்ளு என்று சொல்லிவிடலாம். 168-ஐ 158 என்று படித்தால் என்ன செய்வது? இரண்டுமே நடக்கக்கூடிய எண்தான், எந்த ஃபில்டரும் பிடிக்காது. போதாததற்கு ரப்பரில் கலக்கும் கார்பன் பிளாக் கரித்தூசி, ஷிஃப்ட் முடிவதற்குள் லென்ஸ் மேல் மை பூசினாற்போல் ஆகிவிடும். கேமராவைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், கணக்குக்கு நம்ப முடியாது.

ஒயர்தான் நின்றது. உங்கள் கண்ட்ரோலரின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள், ஏ, பி என்று இரண்டு டெர்மினல் இருந்தால் அது பெரும்பாலும் ஆர்எஸ்485, மிஷின் ஒயர் வழியே டேட்டா அனுப்பும் இணைப்பு. எங்களிடம் சிலவற்றில் அது வாங்கிய நாளிலிருந்தே சும்மா இருந்திருக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு யுஎஸ்பி கன்வெர்ட்டர், அதைப் போனில் சொருக ஒரு ஓடிஜி கேபிள் வாங்கி மாட்டினால், மிஷின்கள் பேசிக்கொள்ளும் மொழியான மோட்பஸ்ஸில் போன் ரீடிங்கை நேராகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். மோட்பஸ் 1979-இல் வந்த சங்கதி, அதனால்தான் பழைய மிஷினுக்கும் பொருந்துகிறது. ஏ, பி பெயரை ஒவ்வொரு கம்பெனியும் இஷ்டத்துக்கு வைக்கிறது, பதில் வரவில்லையென்றால் ஒயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரீடிங் இருக்கும் இடத்தின் எண் மேனுவலில் 40001 என்றிருந்தால் ஆப்பில் பெரும்பாலும் 0 என்று கொடுக்க வேண்டும். 1652 என்று வந்தால் பயப்படாதீர்கள், புள்ளி இல்லாமல் வருகிறது, அது 165.2. ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் காண்டாக்டர் ஸ்விட்ச் அடிக்கும்போதெல்லாம் டேட்டா கெட்டுப்போகும், ஷீல்டு உள்ள கேபிள் போட்டதும் பெரும்பாலும் அடங்கியது.

போனை பிரஸ் பக்கத்திலேயே வைத்து இரவும் பகலும் சார்ஜில் விடாதீர்கள். அந்தச் சூட்டில் ஒரு போனின் பேட்டரி உப்பி பின்மூடியே கிளம்பிவிட்டது. ஆர்எஸ்485 ஒயர் 1,200 மீட்டர் வரை போகும், ஆகவே போன் சூப்பர்வைசர் கேபினில் இருந்தாலே போதும், ஒரே ஒயரில் வரிசையாக எல்லா கண்ட்ரோலரையும் கோக்கலாம். ஓடிஜி போட்டால் பல போன்கள் சார்ஜ் ஏறாது என்பது தனித் தலைவலி. கெமிக்கல் எடை மிஷினில் ஆர்எஸ்232 என்ற வேறு வகை இணைப்பு இருந்தது, அதற்கு வோல்டேஜை மாற்றும் லெவல் கன்வெர்ட்டரோடு எச்.சி.-05 (HC-05) ப்ளூடூத் மாட்யூல் போட்டோம், சில நூறு ரூபாய்தான், போன் நிம்மதியாகச் சார்ஜில் இருக்கிறது. ஐபோன் இதோடு பேசாது.

இனி ரீடிங் சொன்ன கதை. லாக் புக்கில் மணிக்கு மணி 165, 165, 165 என்று இருக்கும், ஷிஃப்ட் முடியும்போது ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது. எல்லா யூனிட்டிலும் இதுதான் நடக்கிறது, யாரும் புதிதாக அதிர்ச்சியடைய வேண்டாம். போனில் பத்து நொடிக்கு ஒரு ரீடிங் விழ ஆரம்பித்ததும், டை (அச்சு) திறந்து கம்பவுண்ட் (கலந்த ரப்பர்) வைக்கும்போது சூடு இறங்குவதும் மறுபடி ஏறுவதும் படமாகத் தெரிந்தது. எங்கள் மூத்த ஆபரேட்டர் அண்ணன், "தம்பி, இத்தனை வருஷமா பீஸ் நல்லாத்தானே போச்சு?" என்றார். மெல்லிய பீஸுக்கு அது உண்மைதான். ஆனால் சூடு 10 டிகிரி குறைந்தால் கியூர் நேரம் (ரப்பர் வெந்து இறுகும் நேரம்) ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எங்கள் தொழிலில் பொதுக்கணக்கு, டைமரோ அதே நிமிடத்தில் நிற்கிறது, தடித்த புஷ் உள்ளே வேகாமல் வருகிறது. ஒரு பிரஸ்ஸில் மட்டும் சூடு ஏற மற்றவற்றைவிட ரொம்ப நேரம் எடுத்தது. திறந்தால் ஒரு ஹீட்டர் ராடு போயிருந்தது. அதுவரை எல்லோரும் கம்பவுண்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள், மிக்ஸிங் அக்கா வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை. மணிக்கு ஒரு எண், அதுவும் ஒழுங்காக எழுதியிருந்தாலும், இதைக் காட்டியிருக்காது.

சிம் இல்லாத போனில் கடிகாரம் மெல்ல விலகும். இரண்டு போனின் நேரம் ஒத்துப்போகாவிட்டால் ஆடிட்டர் முன்னால் அசடு வழிய வேண்டும், ஷிஃப்ட் தொடக்கத்தில் ஆபீஸ் வைஃபையில் ஒருமுறை இணைத்துவிடுங்கள்.

முள் கேஜ் மட்டும் இன்னும் கையால்தான். பிரஸ்ஸில் ஒட்டிய க்யூஆரை ஸ்கேன் செய்து, ஓடிகே கலெக்ட் என்ற ஆப்பின் படிவத்தில் எண்ணைப் போட்டு, ஒரு படம். நெட் இல்லாவிட்டாலும் போனிலேயே சேர்த்து வைக்கும், இலவசம், குறை சொல்ல எதுவும் இல்லை. இப்போது பழுதாகும் கண்ட்ரோலருக்குப் பதிலாக ஆர்எஸ்485 உள்ளதையே வாங்குகிறோம். பிரஷருக்கும் ரீடிங்கை ஒயரில் அனுப்பும் ஒரு டிரான்ஸ்மிட்டர் போடலாம் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், தீபாவளி போனஸ் முடியட்டும் என்கிறார்.