ஐடில் தடுமாற்றம்: ஐஏசி வால்வா, காற்றுக் கசிவா?

ஆக்சிலரேட்டர் கேபிள் உள்ள பழைய பெட்ரோல் கார்களில் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) சரியில்லை என்றால், பலரும் நேராக ஐஏசி வால்வை (ஐடிலில் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வை) மாற்றிவிடுகிறார்கள். பாதிக் காசு அங்கேயே வீண். இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வெளிக்காற்று கசிந்தாலும் இன்ஜின் தடுமாறும்; ஆனால் தடுமாறும் விதம் வேறு.

வால்வில் கரி படிந்தால் பெரும்பாலும் ஐடில் இறங்கும். சூடான இன்ஜின் சுமார் 750 ஆர்பிஎம்மில் நிற்க வேண்டும். ஏசி போட்டதும், சிக்னலில் கிளட்ச் மிதித்ததும் ஆஃப் ஆகிறதா? முதல் சந்தேகம் வால்வு மேல்தான். த்ராட்டில் பாடியையும் (ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது காற்றுக்கு வழி திறக்கும் பாகம்) சேர்த்துச் சுத்தம் செய்தாலே பலமுறை சரியாகிவிடும். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் மட்டும் ஐடில் ஏறும்.

கசிவில் ஐடில் ஏறும், அல்லது ஏறி இறங்கி ஊசலாடும். 'உஸ்' சத்தம் கேட்கலாம். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இருந்தால் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள்: ஐடிலில் +15% போல உயர்ந்து, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் கசிவு என்றே நினைக்கலாம். இது காற்றோட்டத்தை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில் தெளிவாகத் தெரியும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ளவற்றில் ட்ரிம் அவ்வளவாக நகராது, ஐடில்தான் ஏறும்.

ஸ்கேனர் இல்லையா? வாக்யூம் ஹோஸ்களை (மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் சிறு ரப்பர் குழாய்களை) ஒவ்வொன்றாக அழுத்திப் பிடியுங்கள். எதைப் பிடித்தால் ஐடில் சீராகிறதோ, கசிவு அந்த வழியில்தான். கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் தேடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. இன்ஜினை ஒட்டியுள்ள சூடான புகைக்குழாய் பக்கத்தில் அது தீப்பிடிக்கலாம்.

என் வரிசை: முதலில் ஹோஸ், அப்புறம் சுத்தம், கடைசியில்தான் புது வால்வு.